கடற்பிச்சைக்காரர் வரிசை

இன்னும் பதினைந்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது, மரச்செருப்புக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று அசைத்துப் பார்க்கிறேன், இருக்கின்றன, ஐந்தும் ஐந்தும் பத்து, நாடகத்துக்காகத்தானே, காலுறை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று காலையில் மனைவி பவளம் சொன்னாள், நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், ஆனால் எனக்குத் தெரியும் அல்லவா, காலுறையோடு பிச்சைக்காரனாக நிற்பது எனக்குத் தெரியும், இதுதான் என் வியாதி, யாருக்கும் தெரியாத இடத்திலும் நான் ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்களுக்கு முன்னால் நகரத்தின் வாசல், பலகையால் புதிதாக அடித்த பெரிய கதவு, கதவுக்கு மேலே ஸ்பானியச் சிப்பாய்களாக வேடம் போட்ட வங்கி ஊழியர்களும் பல் வைத்தியரும், கீழே கந்தல் கட்டிய நாங்கள் இருபது பேர், எங்கள் கைகளில் கதவை இடிக்கப்போகும் பாய்மரத்தண்டு. வருடா வருடம் ஏப்ரல் முதலாம் திகதி ஒல்லாந்தின் இந்தச் சிறு நகரம் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டாம் ஆண்டுக்குப் போய்வரும், கடலில் திரிந்த பிச்சைக்காரர் கூட்டம் வந்து இந்த நகரை ஸ்பானியரிடமிருந்து பிடித்த நாள். ஏழு வருடமாகக் கூட்டத்தில் கடைசியில் நின்று கத்திக்கொண்டிருந்தவன் நான், இந்த வருடம்தான் தண்டின் முன்பக்கம், இடது பிடி, அதுவும் ஆரியின் முழங்கால் போனதால். ஆரி எனக்குப் பின்னால் தடியூன்றி நிற்கிறான், இருபது வருடமாகத் தக்காளிப் பண்ணையில் என்னோடு ஒரே கண்ணாடிக் கூரையின் கீழே வியர்க்கிறவன். "பாட்மா, எல்லாருடைய கிண்ணமும் மரம், உன்னுடையது மட்டும் தகரம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அலுமினியத் தகரம் கிடையாது, தெரியுமா?" என்று சிரிக்கிறான். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பத்மசீலனும் இங்கே கிடையாது என்றேன். சிரித்துக்கொண்டே என் இடுப்புக் கயிற்றில் அந்தத் தகரப் பேணியை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டான். மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு வீட்டில் நான் குளித்து, கோட் போட்டு, கதிரையில் இருக்க வேண்டும், மகள் தாரணியைப் பார்க்க டென் ஹாக்கிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் தாய் வருகிறார்கள். "பத்தரைக்கு முடியும் எண்டியள். உந்தக் கந்தலோடை நீங்கள் வாசல்லை வந்து நிண்டா அவை என்ன நினைப்பினம்? சொல்லிப்போட்டன், பதினொண்டுக்கு முதல் வந்திடோணும்." பவளம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம். நான் இங்கே நிற்பதும் நியாயமாகத்தான் படுகிறது, ஒரே காலையில் இரண்டு நியாயம் எப்படி வரும், ஒன்று எங்கேயோ பிழையாக இருக்க வேண்டும்.

ஹூஸ். தொண்டையைச் செருமித் தொடங்கும் சொல், வந்த புதிதில் எனக்கு வாயில் நிற்கவே இல்லை, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஆரி எனக்குச் சொல்லித் தந்தான், சளி துப்புவது மாதிரித் தொடங்கு, பிறகு உதட்டைக் குவி. ஹூஸ் என்றால் பிச்சைக்காரன். ஒல்லாந்தருடைய சொல்லும் இல்லை அது, பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கே சரியாகத் தெரியாதாம், அதுவும் பொருத்தம்தான், பிச்சைக்காரனுக்கு ஊர் எது என்று யார் கேட்டார்கள். இந்த வாசல் இடிபடுவதற்கு ஆறு வருடம் முன்னால் இந்த நாட்டுப் பிரபுக்கள் சிலர் மனுவைத் தூக்கிக்கொண்டு பிரசெல்சுக்கு, ஸ்பானிய அரசனுக்காக ஆண்டுகொண்டிருந்த சீமாட்டியிடம் போனார்கள், சனத்தை மதத்துக்காக எரிக்காதீர்கள் என்று கேட்க. பயந்துபோன சீமாட்டியின் காதில் பக்கத்தில் நின்றவன் ஒருவன் சொன்னானாம், அம்மணி, இவர்களுக்கா பயப்படுகிறீர்கள், இவர்கள் வெறும் பிச்சைக்காரர். சில நாளில் அதே பிரபுக்கள் விருந்தொன்றில் பிச்சைப்பையைத் தோளில் போட்டு, மரக்கிண்ணத்தில் மது ஊற்றிக் கைமாற்றிக் குடித்து, பிச்சைக்காரர் வாழ்க என்று கத்தினார்கள். வசை அன்றைக்கே விருதாகிவிட்டது. இப்போதும் இந்த மொழியில், யாராவது தன்மேல் எறிந்த சொல்லை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டால் அதை ஹூசன் பெயர் என்பார்கள். முதல் முறை இதைக் கேட்டபோது ஒரு பெட்டித் தக்காளியைக் கீழே போட்டுவிட்டேன், அப்படியும் செய்யலாமா, எறிந்த கல்லை எடுத்துப் பொட்டாக வைத்துக்கொள்ளலாமா, எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. ஆனால் நான் எதையும் முழுதாக நம்பிச் சந்தோஷப்படத் தெரியாதவன், அன்றிரவே கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டேன், பிரபுக்கள்தானே, பிச்சைக்கோலமாகப் போட்ட சாம்பல்நிறத் துணிக்குக் கீழே என்ன போட்டிருந்தார்கள்? பட்டு. வீட்டில் அடுப்பு எரிகிறவனுக்குத்தான் பிச்சைக்காரர் வாழ்க என்று கத்தத் தொண்டை வரும். உண்மையில் பசித்தவன் அந்த விருந்து மண்டபத்துக்கு வெளியே நின்றிருப்பான், உள்ளே தன் பெயரைச் சொல்லி யாரோ கத்துவதைக் கேட்டு, சாப்பாடு தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்திருப்பான். பிறகுதான் அந்தச் சொல் கடலுக்குப் போனது, வீடு பறிபோனவன், ஊரில் தேடப்படுகிறவன், கடனாளி, கொள்ளைக்காரன், எல்லாரும் அதன் கீழே ஒதுங்கினார்கள், இந்த வாசலை இடித்தவர்கள் அவர்கள். அதே வருடம் இதே நகரத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது கத்தோலிக்கக் குருமாரைத் தூக்கில் போட்டவர்களும் அவர்கள்தான். ஒலிபெருக்கிக்காரர் அதை இன்றைக்குச் சொல்லமாட்டார். நானும் எங்கள் ஊரில் நடந்தவற்றில் சிலவற்றைச் சொல்லாமல்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்று, வாசலை இடித்துத் தொண்ணூறு வருடம் ஆகுமுன்னே பிச்சைக்காரரின் பேரப்பிள்ளைகள் எங்கள் யாழ்ப்பாணத்துக்கே வந்து கோட்டையைப் பிடித்துக் குந்திவிட்டார்கள், போகும்போது அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லையும் கக்கூசு என்ற சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது அந்தக் கோட்டை வாசலில் கையேந்தி நின்றவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? ஹூஸ் என்றா? மாட்டார்கள். அது அதற்குள் நல்ல சொல்லாகிவிட்டது, ஏழைக்குக் கொடுக்க மனம் வராத அளவுக்கு நல்ல சொல்.

தண்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள், மேலே ஸ்பானியர் ஒருவரின் தொப்பி காற்றில் போய்விட்டதாம், எடுத்து வரும்வரை நகரைப் பிடிக்கக்கூடாது. இறக்கும்போது பேணி தண்டில் பட்டு ஒரு சத்தம் போட்டது, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், உலகத்தில் எந்தத் தகரத்துக்கும் இல்லாத சத்தம், விளிம்பில் ஒரு நெளிவு இருப்பதால் அடைத்த குரலில் ஒலிக்கும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மழைக்காலம், இராணுவம் நெருங்கியதால் கோண்டாவிலிலிருந்து முழுச் சனமும் ஒரே இரவில் கிளம்பி நடந்து சாவகச்சேரிப் பக்கம் போய் விழுந்தோம், பன்னிரண்டு மைல் இருக்குமா, நாங்கள் ஒரு பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில், ஆறு குடும்பம், அமில நெடி. தூக்க முடிந்ததைத் தூக்கு என்றபோது அம்மா தன் நல்ல பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள், உடுத்தால் கை மிச்சம் என்று, அந்தக் கையில் அரிசிப்பை, பை வழி நெரிசலில் யாரோ ஒரு கிழவியின் மூட்டையோடு போய்விட்டது, பட்டு மட்டும் மிஞ்சியது. ஆகவே கஞ்சி வரிசைக்குப் பட்டோடு போனாள். பட்டுக்கு மேலே கந்தலைப் போட்டுக்கொண்டவர்கள் அந்தப் பிரபுக்கள், பட்டைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நின்றவள் இவள், இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்பு மாதிரி ஏதோ. நான் போகவில்லை. இருபத்தைந்து வயது, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், வரிசையில் நிற்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை, கஞ்சி மணி அடிக்கும்போது ஏதாவது அலுவலாக வெளியே போய்விடுவேன், அவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்து முகம் பாதி மறைத்துக்கொண்டு போவாள். சந்தியில் நானும் கச்சேரிச் சிநேகிதர் மூன்று பேரும் சைக்கிளில் சாய்ந்து நின்றோம், அவள் திரும்பி வந்தாள், சேறு, பட்டுக்கரை முழங்கால்வரை சேறு, கையில் இந்தப் பேணி, கஞ்சி தளம்பாமல் பார்த்துப் பார்த்து நடை. "அங்கை பாரடா, பட்டுச்சீலையோடை ஒரு பரதேசி" என்றான் ஒருவன், கெட்டவன் இல்லை அவன், பகிடிக்காரன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்தேனா? முப்பது வருடமாக இந்த இடத்தில் வந்து நிற்கிறேன், சிரித்தேனா, பல் தெரிந்ததா, இல்லை வெறும் மூச்சா, தெரியவில்லை, ஆனால் அது என்னுடைய அம்மா என்று சொல்லவில்லை, அது தெரியும். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு பார்வை வழுக்கி, யாரோ நான்கு பெடியன்கள் நிற்கிற மாதிரி எங்களைக் கடந்து, மதவைக் கடந்து, போய்விட்டது. நான் அவளைத் தெரியாதமாதிரி நின்றதைவிட, நான் அப்படி நிற்பதற்கு அவள் உதவி செய்துவிட்டுப் போனாளே, அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. விஞ்ஞானகூடத்தில் பேணியை என் முன்னால் வைத்து, "குடி, ஆறிப்போகும்" என்றாள். குடித்தேன். நல்ல பசி. பரதேசி என்றால் முதலில் வேறு தேசத்திலிருந்து வந்தவன், அவ்வளவுதான், தலயாத்திரை போகிறவனும் பரதேசிதான், அவனைக் கூப்பிட்டுச் சோறு போட்ட காலம் இருந்தது, பிறகு எந்தத் தெருமுனையில் அந்தச் சொல் இப்படிச் சீரழிந்தது தெரியாது. ஹூஸ் கீழேயிருந்து மேலே ஏறிய சொல், இது மேலேயிருந்து உருண்ட சொல். அம்மாவோ பன்னிரண்டு மைல் நடந்தாள், தேசம்கூட மாறவில்லை.

அம்மா கண்ணை மூடியபிறகு தங்கச்சி பார்சலில் அனுப்பியிருந்தாள், படங்கள், ஒரு உருத்திராக்க மாலை, நடுவில் பழைய துணியில் சுற்றி இந்தப் பேணி. "அம்மாவின்ரை பெட்டிக்குள்ளை கிடந்தது, எறிய மனம் வரேல்லை, உங்களுக்கு என்னத்துக்கெண்டு தெரியுமோ?" என்று ஒரு துண்டு. தெரியும் என்று நான் பதில் எழுதவில்லை. போன கிழமை நிலவறையிலிருந்து எடுத்துப் புளி போட்டு மினுக்கிக்கொண்டு நின்றபோது தாரணி வந்தாள், அவள் மருந்தாளர், வெள்ளைக் கோட்டோடு நேரே வேலையிலிருந்து. "உண்மையாவே போகப் போறீங்களா, அப்பா? அதுவும் அண்டைக்கு?" ஒரு மணித்தியாலம்தானே பிள்ளை என்றேன். "வெள்ளைக்காரன் கந்தல் போட்டா அது நாடகம். நீங்கள் போட்டா ஆரும் நாடகம் எண்டு நினைக்கமாட்டினம்." சொன்னவுடன் அவளுக்கே முகம் சுருங்கிவிட்டது, பிறகு, "அது என்ன கப், புதுசா வாங்கினீங்களா?" என்று கேட்டாள், ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? பவளமும் இப்படித்தான், மாப்பிள்ளையின் தகப்பன் கனகரத்தினம், கோயில் நிர்வாகசபைக்காரர், பஞ்சாங்கம் பார்த்து இந்த நாளைக் குறித்தவரும் அவர்தான், முதன்முதல் தொலைபேசியில் "அண்ணை எங்கை வேலை?" என்று கேட்டார், நான் வாயைத் திறக்குமுன் பவளம் பறித்து, "இவர் கந்தோரிலை" என்றாள். ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்லை வைத்தே ஒல்லாந்தில் பொய். நான் பிறகு வாங்கிப் பேசியபோது திருத்தவில்லை. கண்ணாடிக் கூரையின் கீழே முப்பத்தைந்து பாகை வெக்கையில் குனிந்து குனிந்து இந்த வீட்டை வாங்கியவன், ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் தாங்களே விரும்பிக்கொண்டார்கள், மூன்று வருடப் பழக்கம், பெற்றார் வந்து வீடு பார்ப்பது ஒரு முறைக்குத்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் கனகரத்தினம் முகம் சுளித்தால் பெடியன் எவ்வளவு தூரம் நிற்பான் என்று தாரணிக்கே தெரியாது, அதனால்தான் அவள் இந்தக் கிழமை முழுக்க நகம் கடிக்கிறாள், அவளுடைய வாழ்க்கை அது, என்னுடைய பேணி இல்லை. அப்படியென்றால் நான் இங்கே நிற்பது வீறாப்பா? பிள்ளையின் செலவில் வீறாப்பா? அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மகளின் தலையில் வைத்துக் கேட்கிறேனா? கேள். நல்லாய்க் கேள். அதோடு இதையும் கேள், நீயும் இப்போது வீட்டுக்காரன்தான், தரைக்குக் கீழே சூடு ஓடுகிற வீடு, கந்தலுக்குக் கீழே நீயும் வெப்ப உடுப்புப் போட்டிருக்கிறாய், பட்டுக்காரப் பிச்சைக்காரர் வரிசையில் நீயும் ஒருவன், கத்தாமல் தலைப்பை இழுத்துக்கொண்டு போனவளின் பேணியை உயர்த்திக் கத்த உனக்கு என்ன உரித்து? ஒரு உரித்தும் இல்லை. சரி, இல்லை. ஆனால் ஒளிப்பதற்கு எனக்கு என்ன உரித்து இருக்கிறது? அதை யார் எழுதித் தந்தார்கள்?

தொப்பி கிடைத்துவிட்டது. மத்தளம் தொடங்குகிறது, தண்டைத் தூக்குங்கள் என்கிறார்கள், பாரம் தோளில் வந்து உட்கார்கிறது, மணி பத்து ஐம்பத்தெட்டு, இனி ஓடினாலும் வீடு போய்ச்சேர நேரம் காணாது. முடிந்தது, பவளம் வாசலில் நின்று என்ன சொல்லிச் சமாளிப்பாளோ, கந்தோரில் அவசர வேலை என்பாளோ, ஏப்ரல் முதலாம் திகதி எல்லாக் கந்தோரும் கந்தல் உடுத்து நிற்கிற ஊரில். "கிண்ணங்கள் தயார்!" என்கிறார் ஒலிபெருக்கிக்காரர், வழக்கம் இதுதான், முதல் இடிக்கு முன்னால் ஒவ்வொருவரும் இடுப்புக் கிண்ணத்தை அவிழ்த்து உயர்த்திப் பிச்சைக்காரர் வாழ்க என்று கத்த வேண்டும், சனம் திருப்பிக் கத்தும். கயிற்றை அவிழ்க்கிறேன், ஆரி இறுக்கிய முடிச்சு, நகம் போகிறது, அப்போது கயிற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கோட் போட்ட கிழவிக்கும் பலூன்காரனுக்கும் நடுவில், கறுப்பு மேலங்கி, நெற்றியில் திருநீறு. இந்த ஊரில் இன்றைக்குத் திருநீறோடு கனகரத்தினத்தைவிட வேறு யார் வரப்போகிறார்கள். நினைத்திருக்க வேண்டும், தெரு எல்லாம் மூடியிருக்கும், காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு இந்த வாசலால்தான் நடந்து உள்ளே வர வேண்டும், எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் அதை ஒருவரும் நினைக்கவில்லை. பக்கத்தில் அவர் மனைவி, கையில் பலகாரப் பெட்டி, பெடியன், பெடியனுக்கு அருகில் அவர்களைக் கூட்டிவர அனுப்பப்பட்ட தாரணி, மயில்நீலச் சேலை, அதற்கு மேல் குளிர்ச்சட்டை. கனகரத்தினம் எங்களைச் சுட்டி அவளிடம் ஏதோ கேட்கிறார். "இதென்ன பிள்ளை கூத்து? உதுக்குள்ளை எங்கடை ஆள் ஒண்டும் நிக்குது போலை, பாவம், ஆரோ?" காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. தாரணி பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், கண் பெரிதாகியது, பிறகு அது நடந்தது, பார்வை வழுக்கியது, என் தோளில், தண்டில், ஆரியின் தடியில், மதில்மேல் இருந்த ஸ்பானியரில். எனக்கு அந்த வழுக்கலைத் தெரியும். அதை எங்கள் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவனே நான்தான். இப்போது நான் தலையைக் குனிந்தால் போதும், என் தலையில் கிடக்கும் கந்தல் தொப்பியின் விளிம்பு மறைத்துவிடும், ஆரியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்வதுபோல் நின்றால் போதும், அவள் தப்பிவிடுவாள், வீடு பார்ப்பது நடக்கும், நான் பின்பக்க வழியால் போய்க் குளித்து, கோட்டோடு வந்து வணக்கம் சொல்வேன், இருபத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த அதே உதவி. அம்மா தந்தாள். அன்பினால் தந்தாள். அந்த உதவியை முப்பது வருடம் சுமந்தவன் நான், அதன் நிறை எனக்குத் தெரியும், இந்தத் தண்டைவிடப் பாரம். என் பிள்ளைக்கு அதைக் கொடுக்கமாட்டேன். அவள் என்னை வெறுக்கட்டும், கலியாணம் நிற்கட்டும், இல்லை, நிற்கக்கூடாது, நிற்காது, நின்றாலும் கொடுக்கமாட்டேன்.

முடிச்சு அவிழ்ந்தது. எல்லாருடைய கிண்ணமும் உயர்கிறது, என் கையும், மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தகரம், வெயில் எங்கேயிருந்தோ வந்து அதன் நெளிவில் விழுகிறது, பிச்சைக்காரர் வாழ்க என்று இருபது தொண்டை கத்தும்போது என் தொண்டை வேறு எதையோ கத்துகிறது, "தாரணி! இஞ்சை!" என்கிறது, "வாங்கோ கனகரத்தினம் அண்ணை! நான்தான் பத்மசீலன்! கந்தோர் இல்லை, தக்காளிப் பண்ணையிலைதான் வேலை! இருபது வருசம்!" சனம் இதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டுகிறது. ஆரி, "என்ன பாட்மா, உன் வசனம் நீளமாயிருக்கிறதே" என்கிறான். கனகரத்தினத்தின் வாய் திறந்தபடி நிற்கிறது, பலகாரப் பெட்டியைத் தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள், பெடியன் சிரிக்கிறானா முழிக்கிறானா தெரியவில்லை. தாரணியின் முகம் சிவந்து, கழுத்துச் சிவந்து, அழப்போகிறாள், என்ன செய்துவிட்டேன், என்ன செய்துவிட்டேன், என்றாலும் கையை இறக்கவில்லை, கை இறங்கமாட்டேன் என்கிறது. "இது புதுசில்லை பிள்ளை!" என்று கத்துகிறேன், "அண்டைக்குப் பொய் சொன்னனான்! இது உன்ரை அப்பம்மா கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட பேணி!" மத்தளம் ஒரு கணம் நின்றது, அடுத்த அடிக்காகக் கை ஓங்கிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவள் கயிற்றுத் தடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்பி, மருந்துக்கடையில் காது கேளாத கிழவர்களுக்குச் சொல்வாளே, அந்தக் குரலில், சுற்றி நின்ற எல்லாரும் கேட்கச் சொன்னாள். "அங்கிள், அதுதான் என்ரை அப்பா. முன்னுக்கு நிக்கிறவர். தகரப் பேணியோடை." கனகரத்தினத்தின் உதடு அசைந்தது. என்ன சொன்னாரோ, மத்தளம் விழுந்து அதை மூடிவிட்டது, என்னவாவது சொல்லட்டும், வீட்டில் வந்து சொல்லட்டும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கேட்கிறேன். பேணியைக் கயிற்றில் கொழுவிக்கொண்டு இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தேன். ஓடுங்கள் என்றார்கள், ஓடினோம், மரச்செருப்பு கல்லில் தடதடக்க, கதவு பெரிதாகிக்கொண்டே வர, இடுப்பில் அது ஒவ்வொரு அடிக்கும் இடித்து இடித்து, அடைத்த குரலில், கூடவே ஓடி வந்தது.